அக்குள் ஹெச்எஸ் அறுவை, தைக்காமல் விட்ட புண்: காஸா, ஆல்ஜினேட்டா, வாக்கா, தோல் ஒட்டா?

கட்டு_அறை:

வணக்கம். சிறிய கிளினிக் ஒன்றில் டிரஸ்ஸிங் அறை என் பொறுப்பு. ஹைட்ராடினைட்டிஸ் சப்புரட்டிவா (கீழே ஹெச்எஸ்; அக்குள், தொடையிடுக்கு மாதிரி மடிப்புகளில் கட்டி வந்து, தோலடியில் குகை விழுந்து சீழ் வடியும் நோய்) அறுவை முடிந்து, தையல் போடாமல் திறந்துவிட்ட புண்ணோடு வருகிறவர்களுக்குக் கட்டு மாற்றுவது பற்றிக் கேட்கிறேன். டிஸ்சார்ஜ் தாளில் பெரும்பாலும் "தினமும் டிரஸ்ஸிங்" என்பதோடு சரி. எதை வைத்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எப்போது முறையை மாற்றுவது என்பதெல்லாம் நம் தலையில் விழுகிறது.

இப்போது வருகிற கேஸ்: வலது அக்குள், ஹர்லி 3ஆம் நிலை (மிக முற்றியது), வைடு எக்சிஷன் (நோயுள்ள தோலை அகலமாக வெட்டி எடுத்தது). புண் 11 × 6 செ.மீ., ஆழமான இடத்தில் 1.5 செ.மீ. இன்று 5ஆம் நாள். பெட்டடினில் (அயோடின் மருந்து) நனைத்த காஸ் காலை, மாலை இருவேளையும் வைக்கிறோம். பிரிக்கும்போது ஒட்டிக்கொண்டு வருகிறது, ரத்தம் கசிகிறது, ஆள் துடித்துப்போகிறார். கசிவு அதிகம், இரவில் பனியன் நனைந்துவிடுகிறது. காய்ச்சல் இல்லை, சுற்றிலும் சிவப்பு இல்லை. சர்க்கரை இல்லை, புகை உண்டு. லேத் பட்டறை வேலை, கையைத் தூக்கியாக வேண்டும். செலவு கைக்காசு.

கேள்விகள்: காஸையே தொடரலாமா? ஆல்ஜினேட், ஹைட்ரோஃபைபர், ஃபோம் என்ற உறிஞ்சும் தாள்கள் மூன்றில் இந்த இடத்துக்கு எது? வாக் (புண்ணில் ஃபோம் வைத்து, மேலே காற்றுப்புகாத ஃபிலிம் ஒட்டி, மெஷினால் கசிவை உறிஞ்சும் முறை) போட்டால் செலவுக்கு ஏற்ற பலன் உண்டா? தோல் ஒட்டு வைப்பது நல்லதா, தானாக மூட விடுவது நல்லதா? பெட்டடினை எப்போது நிறுத்துவது?

---

வார்டு_சிஸ்டர்:

காஸ் வைப்பதில் தப்பில்லை. அது காய்ந்துபோய் ஒட்டுவதும், பெட்டடினை நாள்தோறும் ஊற்றுவதும்தான் பிரச்சினை. காஸின் பின்னல் கண்களுக்குள் புதுச் சதை நுழைந்து பிடித்துக்கொள்கிறது. பிரிக்கும்போது வருகிற அந்த ரத்தம் முந்தின நாள் வளர்ந்த செந்தசை. அழுகல் படலம் மூடிக் கிடக்கும் புண்ணில் ஈரக் காஸ் வைத்துக் காயவிட்டு இழுப்பது ஒரு காலத்தில் சுத்தம் செய்யும் வழியாக இருந்தது. உங்கள் புண்ணோ கத்தியால் சுத்தமாக வெட்டி எடுத்த புண். அதில் உரித்தெடுக்க ஒன்றுமில்லை.

பெட்டடின்: அறுவையன்றும் மறுநாளும் சர்ஜன் போட்டிருந்தால் சரி. செந்தசை தலைகாட்டியபின் தினமும் ஊற்றினால் கிருமியோடு புது செல்களுக்கும் அடி. போதாததற்கு, ரத்தமும் கசிவும் பட்டால் அயோடின் வீரியம் இழந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய பரப்பு என்றால் அயோடின் உடம்பிலும் ஏறும். தைராய்டு கோளாறு உள்ளவருக்கு அது வேறு தலைவலி. தொற்று அறிகுறி இல்லாத 5ஆம் நாள் புண்ணில் அதை நிறுத்தலாம் என்று சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டவே வேண்டாம். நுரை பொங்குவதைப் பார்த்து "அழுக்கு வெளியேறுது" என்று நோயாளி மகிழ்வார், அவ்வளவுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கசிவுதான் சொல்லும், பிராண்டு அல்ல. முதல் இரண்டு, மூன்று வாரம் கசிவு கொட்டும். அப்போது ஆல்ஜினேட் அல்லது ஹைட்ரோஃபைபர் உள்ளே, உறிஞ்சும் பேட் வெளியே. கசிவு குறைந்து, புண் தோல் மட்டத்துக்கு ஏறியபின் சிலிக்கோன் முகமுள்ள ஃபோம் மட்டும் போதும். கடைசி ஒன்றிரண்டு வாரம், மேல்தோல் ஓரத்திலிருந்து உள்ளே ஊர்ந்து வரும்போது, பாரஃபின் காஸும் மெல்லிய பேடும் போதும். ஆல்ஜினேட்டைக் காய்ந்த புண்ணில் வைத்தால் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஃபோமை மட்டும் கொட்டும் புண்ணில் வைத்தால் அரை நாளில் பொதபொதவென ஊறி ஓரத் தோல் வெளுத்துவிடும். கடையில் இருப்பதை வாங்கி வைத்துவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்று சொல்வதில் பாதி இந்தக் குழப்பம்தான்.

ஆல்ஜினேட்டுக்கும் ஹைட்ரோஃபைபருக்கும் வித்தியாசம்: ஆல்ஜினேட் கடல்பாசி நார். அதிலுள்ள கால்சியம் புண்ணின் சோடியத்தோடு இடம் மாறி ஜெல் ஆகிறது; அந்தக் கால்சியம் ரத்தக் கசிவையும் கட்டுப்படுத்தும். ஆனால் கசிவு பக்கவாட்டில் பரவும், ஆகவே புண் அளவுக்கே வெட்டி வைக்க வேண்டும், நல்ல தோல்மேல் படியக் கூடாது. ஹைட்ரோஃபைபர் கசிவை நேர்மேலாக இழுத்துப் பூட்டிக்கொள்ளும். நனைந்தால் சுருங்கும், அதனால் ஓரத்தில் 1 செ.மீ. கூடுதலாக வைப்பார்கள். ரத்தம் கசியும் இந்த நிலையில் முதல் மூன்று, நான்கு நாள் ஆல்ஜினேட், பிறகு ஹைட்ரோஃபைபர் என்பது என் தேர்வு. ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் எதுவானாலும் பரவாயில்லை.

உங்கள் அளவுக்கு ஒரு கணக்கு. 10 × 10 செ.மீ. தாள் 11 செ.மீ. புண்ணுக்குப் போதாது என்று இரண்டு பிரிப்பார்கள். தாளை மூலைவாட்டில் திருப்பி வையுங்கள். மூலைக்கு மூலை 14 செ.மீ. நீள்வட்டப் புண் முழுதும் அதற்குள் அடங்கிவிடும். ஆல்ஜினேட் என்றால் இரு பக்கத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகளை வெட்டி, ஆழமான 1.5 செ.மீ. குழியில் தளர்வாக வைத்துவிடலாம். குழியை முழுக்க அடைக்காதீர்கள், முக்கால் பங்கு போதும், நனைந்தால் உப்பும். இறுக்கித் திணித்தால் அடியில் ரத்த ஓட்டம் நெரிபட்டுப் புண் மேலேறாது.

கட்டு மாற்றும் வரிசை:

பாராசிட்டமால் 650 மி.கி. 45 நிமிடம் முன்பே விழுங்கச் சொல்லுங்கள் (ஈரல் கோளாறு இல்லாதவருக்கு). மேல் பேடை எடுத்துவிட்டு உள்ளே இருப்பதைத் தொடாமல் வெதுவெதுப்பான சலைன் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். இழுக்காமல் வருகிறதா என்று ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், வரவில்லையென்றால் இன்னும் ஊற்றுங்கள். பிறகு 20 மி.லி. சிரிஞ்சில் ஊசி இல்லாமல் ஏழெட்டு முறை பீய்ச்சி அலசினால் போதும். மஞ்சள் படலம் இருந்தால்தான் ஊசி மாட்டி அழுத்தம் கூட்ட வேண்டும். பஞ்சால் புண்ணைத் துடைக்காதீர்கள், நார் உள்ளே தங்கும். சுற்றுத் தோலை மட்டும் ஒற்றி உலர்த்துங்கள், புண்ணின் அடி ஈரமாகவே இருக்கட்டும்.

சலைன் பாட்டில் திறந்தால் 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் கழுவுவதாக இருந்தால் கொதித்து ஆறிய நீர் போதும். குடிக்கத் தகுந்த குழாய் நீரில் கழுவினால் தொற்று கூடுவதில்லை என்று ஆய்வுகள் உண்டு. நம் ஊர் போர்வெல் தொட்டித் தண்ணீரை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

எப்போது மாற்றுவது? கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், பேடைப் பாருங்கள். கறை வெளிப் பேடின் ஓரத்துக்கு 1 செ.மீ. அருகே வந்தால் மாற்ற வேண்டும். முதல் வாரம் தினமும் ஒருமுறை, பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை, கசிவு அடங்கியபின் மூன்று நாளுக்கு ஒருமுறை என்று தானாகவே தள்ளிப்போகும். செலவுக் கணக்கும் இங்கேதான். இருவேளை காஸ் என்றால் வாரத்துக்கு 14 முறை கட்டு, 14 முறை வலி, அரைநாள் கூலி போகும் பயணம். ஹைட்ரோஃபைபர் என்றால் வாரம் மூன்று அல்லது நான்கு. தாளின் விலையை மட்டும் காஸ் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சரியான கணக்கல்ல.

அக்குளில் பிளாஸ்திரி நிற்காது; வேர்வை, முடி, அசைவு மூன்றும் சேர்ந்துவிடும். டைனாபிளாஸ்ட் ஒட்டி ஒட்டிப் பிய்த்தால் சுற்றுத் தோல் உரிந்து ஹெச்எஸ்காரருக்குப் புதுக் கட்டி கிளம்ப இடம் கொடுத்த மாதிரி. வலைக் குழாய்க் கட்டில் கைக்கும் கழுத்துக்கும் ஓட்டை வெட்டி பனியன் மாதிரி மாட்டிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு அளவு சின்னதான, கைவைத்த பருத்தி டி-ஷர்ட். சானிட்டரி நாப்கினை வெளிப் பேடாக வைப்பது நல்ல, மலிவான யோசனை. ஒட்டும் பக்கம் சட்டையில் ஒட்டும், உறிஞ்சும் பக்கம் புண்ணை நோக்கி. பின்னால் பிளாஸ்டிக் இருப்பதால் காற்று போகாது, நனைந்தவுடன் மாற்றிவிட வேண்டும். வாசனை போட்ட வகை வேண்டாம். சுற்று முடியை டிரிம்மரால் ஒட்ட வெட்டுங்கள், பிளேடு கூடாது.

---

ஒட்டுத்தோல்:

பிளாஸ்டிக் சர்ஜரி பக்கத்திலிருந்து. சிஸ்டர் சொன்ன டிரஸ்ஸிங் முறை அப்படியே சரி. வாக், ஒட்டு இரண்டையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வாக் என்பது புண்ணை மூடும் கருவி அல்ல. குழியை மேலேற்றி, கசிவை இழுத்து, ஒட்டுக்குத் தளம் தயார்செய்யும் கருவி. 11 × 6 நீள்வட்டம் என்றால் பரப்பு சுமார் 52 சதுர செ.மீ.; ஆழம் 1.5தான். இந்த அளவை ஹைட்ரோஃபைபரே சமாளிக்கும். இரண்டு அக்குளும் ஒரே நேரம், அல்லது பிட்டம் முழுக்க, அல்லது ஆழம் 3, 4 செ.மீ. என்றால் நானே வாக் எழுதுவேன். ஒட்டு வைத்தபின் அதை அழுத்திப் பிடிக்க ஐந்து நாள் வாக் போடுவது இன்னொரு நல்ல பயன். அசையும் அக்குளில் பஞ்சு உருண்டை வைத்துக் கட்டுவதைவிட ஒட்டு நகராமல் நிற்கிறது.

போடுவதென்றால் வழக்கமான அழுத்தம் மைனஸ் 125 மி.மீ. பாதரசம், வலி தாங்காவிட்டால் 75 முதல் 100 வரை குறைக்கலாம். திறந்த புண்ணில் வைத்த கறுப்பு ஃபோமை 48 முதல் 72 மணி நேரத்தில் மாற்ற வேண்டும். அதற்கு மேல் விட்டால் சதை ஃபோமுக்குள் வளர்ந்து, நீங்கள் காஸில் பட்ட பாட்டைப் பத்து மடங்கு படுவீர்கள். மாற்றும் முன் மெஷினை நிறுத்தி, குழாய் வழியே சலைன் விட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். எத்தனை துண்டு ஃபோம் உள்ளே வைத்தீர்கள் என்று ஃபிலிம் மேலேயே மார்க்கரால் எழுதுங்கள். ஒரு துண்டு உள்ளே தங்கி, மாதக்கணக்கில் சீழ் வடிந்து "ஹெச்எஸ் திரும்பிவிட்டது" என்று பெயர் வாங்குவது நடக்கிற காரியம். மெஷின் நின்று இரண்டு மணி நேரம் தாண்டினால் ஃபோமை எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டு போட வேண்டும். கரண்ட் போகும் ஊரில் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்குளில் காற்று கசிவதுதான் தோல்விக்கு முதல் காரணம். கையை 90 டிகிரி விரித்து வைத்தபடி, ஃபிலிமைப் பெரிய ஒரே தாளாக ஒட்டாமல் 4, 5 செ.மீ. பட்டைகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு ஒட்டுங்கள். மடிப்பு விழும் முன், பின் ஓரங்களில் ஹைட்ரோகொலாய்டு பட்டை அல்லது ஸ்டோமா பேஸ்ட். குழாய் வட்டை அக்குளுக்குள் வைக்காமல், ஃபோமைப் பாலம் மாதிரி நீட்டி மார்புப் பக்கம் கொண்டுவந்து அங்கே வையுங்கள் (பாலத்தின் அடியில் தோலுக்கு ஃபிலிம் போட்டபின்). இல்லாவிட்டால் கையை இறக்கியதும் வட்டு அழுந்திப் புதுப் புண் வரும். சுவர் சக்‌ஷனில் ரைல்ஸ் டியூபும் (மூக்கு வழியே இரைப்பைக்குப் போடும் குழாய்) ஸ்பாஞ்சும் வைத்து வார்டில் செய்கிற உள்ளூர் வாக் வேலை செய்யும். ஆனால் அழுத்தத்தை அளக்காமல் போடக் கூடாது, வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. அக்குள் ரத்தக்குழாய் வெளித்தெரியும் அளவுக்கு ஆழமாக வெட்டியிருந்தால் வாக் பேச்சே வேண்டாம்.

இனி ஒட்டா, தானாக மூட விடுவதா. நோய் திரும்புவதைப் பொறுத்தவரை, 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் வைடு எக்சிஷனுக்குப்பின் நேரே தைத்து மூடியவர்களில் 15%, ஃபிளாப் (பக்கத்துத் தோலை ரத்த ஓட்டத்தோடு நகர்த்தி மூடுவது) வைத்தவர்களில் 8%, ஒட்டு வைத்தவர்களில் 6% பேருக்கு நோய் திரும்பியது. இதை வைத்து "ஒட்டுதான் நோயைத் தடுக்கிறது" என்று படிப்பது தப்பு. ஒட்டு வைக்க முடிவெடுத்தவர் தாராளமாக வெட்டுகிறார். தைக்க நினைப்பவர் விளிம்பு சேர வேண்டுமே என்று கஞ்சத்தனமாக வெட்டுகிறார். என் வாசிப்பு அது.

ஒட்டின் லாபம் நேரம். தளம் சிவந்து, மணி மணியாக, மட்டமாக வந்தபின் 0.3 மி.மீ. அளவில் தொடைத்தோல் எடுத்து வைத்தால் ஐந்தாம் நாள் திறந்து பார்க்கலாம், இரண்டு, மூன்று வாரத்தில் மூடியது மாதிரிதான். நட்டம்: தொடையில் இன்னொரு புண், அது ஆற 10 முதல் 14 நாள், சிலருக்கு அக்குளைவிட அதுதான் வலிக்கும். முதல் ஐந்து நாள் கையை விரித்தபடி அசைக்காமல் இருக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் புண்ணில் இருந்தால் ஒட்டு மொத்தமாகக் கரைந்து போகும், ஆகவே ஒட்டுக்கு முன் ஸ்வாப் (புண்ணில் ஒற்றியெடுத்துக் கிருமிப் பரிசோதனை). தானாக மூட விட்டால் இந்த அளவுக்கு 8 முதல் 12 வாரம் என்று மனதில் வையுங்கள். மறு அறுவை இல்லை, முதல் வாரத்திலேயே கையை அசைக்கலாம், புண் சுருங்கிச் சுருங்கிக் கடைசித் தழும்பு வெட்டியதைவிட மிகச் சின்னதாக நிற்கும். அந்தச் சுருக்கம்தான் தோளைப் பிடித்து இழுக்கவும் செய்யும். பட்டறைக்காரருக்கு இரண்டு மாதக் கூலி போவது பெரிதா, இரண்டாவது அனஸ்தீசியா பெரிதா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். இந்த அளவுக்கு நான் திறந்தே விடச் சொல்வேன். 15 செ.மீ. தாண்டியிருந்தால் ஒட்டு.

இன்னொன்று: புகை. சிகரெட் ஒவ்வொன்றும் புண் ஓரத்து நுண்குழாய்களைச் சுருக்குகிறது. எந்தத் தாள் வாங்குவது என்று அரை மணி நேரம் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது வழக்கமாகிவிட்டது.

---

மருந்துச்சீட்டு:

கடைப் பக்கத்திலிருந்து, ட்யூபுகளைப் பற்றி.

நியோமைசின் கலந்த பவுடரைத் திறந்த புண்ணில் தூவாதீர்கள். கசிவோடு சேர்ந்து மாவு மாதிரி கட்டிபட்டு அடியில் சீழைப் பூட்டும். நியோமைசின் ஒவ்வாமையும் அபூர்வமில்லை. சுற்றிலும் அரிப்பு, கொப்புளம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். ஃப்ராமைசெட்டின் காஸும் அதே குடும்பம், ஒன்றுக்கு ஒவ்வாதவருக்கு மற்றதும் ஒவ்வாமல் போகலாம். வெறும் பாரஃபின் காஸ் வாங்குங்கள்.

முபிரோசின் ஆயின்ட்மென்டை 52 சதுர செ.மீ. புண்ணில் அப்பக் கூடாது. அதன் அடிப்பொருள் பாலிஎத்திலீன் கிளைக்கால்; பெரிய திறந்த பரப்பில் உடம்பில் ஏறி, சிறுநீரகம் சரியில்லாதவருக்குச் சிக்கல் தரும். அதன் இடம் சின்னப் புண்ணும் மூக்கும்.

சில்வர் சல்ஃபாடையசின் 1% கிரீம் தீக்காய வார்டிலிருந்து பழகிப்போனது. இரண்டு மூன்று நாளில் வெளுத்த மஞ்சளாய் ஒரு பொய்ப் படலம் கட்டும், அதை அழுகல் என்று நினைத்துச் சுரண்டுவார்கள். சல்ஃபா ஒவ்வாதவருக்கு ஆகாது. வெள்ளி கலந்த தாள் டிரஸ்ஸிங் வேறு விஷயம்: தொற்று தொடங்கும் அறிகுறி இருந்தால் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கலாம், தேறினால் சாதாரணத் தாளுக்குத் திரும்ப வேண்டும். சும்மா 'பாதுகாப்புக்கு' வைக்கிற பொருள் அல்ல அது.

நாற்றம் தாங்காவிட்டால் மெட்ரோனிடசோல் ஜெல் 0.75% சில நாளைக்கு. ஹெச்எஸ் புண்ணில் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் அதிகம் என்பதால் பலன் தெரியும். மஞ்சள் தூள், தேங்காயெண்ணெய், சாம்பல் எதுவும் உள்ளே போகக் கூடாது. வீட்டில் கடைப்பிடிக்கும் பத்தியத்தையும் ஒரு கேள்வி கேளுங்கள். முட்டை, மீன், கறி எல்லாம் "சீழ் பிடிக்கும்" என்று நிறுத்திவிட்டு ரசம் சோற்றில் ஓட்டுகிறவர்கள் உண்டு. இப்படிக் கசியும் புண் உள்ளவருக்கு எடை கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான்.

---

தோள்பட்டை:

பிசியோ. ஒட்டு இல்லாத திறந்த புண்ணுக்கு ரத்தக் கசிவு நின்றதும், மூன்றாம் நாள்வாக்கில், அசைவைத் தொடங்கலாம். சுவரைப் பார்த்து நின்று விரலால் ஏறுவது, பக்கவாட்டில் நின்று ஏறுவது, ஒவ்வொன்றும் பத்துமுறை, நாளுக்கு மூன்று வேளை. எட்டிய உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வைக்கச் சொல்லுங்கள். குறி கீழே இறங்கினால் அன்றே தெரிந்துவிடும். இரண்டாம் வாரக் கடைசியில் பக்கவாட்டில் 90 டிகிரி வந்திருக்க வேண்டும்.

பயிற்சியைக் கட்டு மாற்றும் நேரத்துக்குச் சற்று முன் வையுங்கள். கட்டு கலைந்தாலும் எப்படியும் மாற்றப்போகிறோம். தூங்கும்போது விலாவுக்கும் கைக்கும் இடையில் தலையணை. கையை மார்போடு ஒட்டித் தூளி கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். அந்த நிலையில் ஆறிய அக்குளில் முன்மடிப்பில் கயிறு மாதிரி தழும்பு இழுத்து, பிறகு அதை வெட்டிவிட இன்னொரு அறுவை. ஒட்டு வைத்தால் மட்டும் முதல் ஐந்து நாள் அசைவு கிடையாது. மூடியபின் இரண்டு, மூன்று வாரம் கழித்துத் தழும்பை அழுத்தித் தேய்ப்பது, சிலிக்கோன் தாள் நாளுக்கு 12 மணி நேரம்.

---

கட்டு_அறை:

மிக்க நன்றி. 15ஆம் நாள் நிலவரம்: பெட்டடின் நிறுத்தி, ஆல்ஜினேட் நான்கு நாள், பிறகு ஹைட்ரோஃபைபரும் கேம்ஜீ பேடும் (காஸுக்குள் பஞ்சு வைத்த உறிஞ்சும் பேட்), இரண்டு நாளுக்கு ஒருமுறை. இப்போது 9.5 × 5 செ.மீ., ஆழம் 0.8. வலி நன்றாகக் குறைந்துவிட்டது. மூன்று சந்தேகம்.

ஒன்று, பிரிக்கும்போது மஞ்சள் பச்சையாக வழவழவென்று ஒரு கூழ், கொஞ்சம் வாடை. வீட்டார் சீழ் என்று பயந்து ஆன்டிபயாட்டிக் கேட்கிறார்கள். இரண்டு, கீழ் ஓரத்துத் தோல் வெளுத்து ஊறியிருக்கிறது. மூன்று, வேறொரு நோயாளி, தொடையிடுக்கில் டீரூஃபிங், 4 × 1.5 செ.மீ., ஆழமே இல்லை. அதற்கும் இதே முறைதானா?

---

வார்டு_சிஸ்டர்:

கூழை முதலில் கழுவுங்கள், பிறகு முடிவெடுங்கள். இந்த நார்த்தாள்கள் கசிவை உறிஞ்சினால் அப்படித்தான் ஆகும். கழுவியபின் அடி சிவப்பாக, பளபளவென்று, வாடை இல்லாமல் இருந்தால் அது கூழ், சீழ் இல்லை. கழுவியபின்னும் வாடை நிற்கிறது, பேடில் நீலப்பச்சைக் கறை, ஒரு மாதிரி இனிப்பு நாற்றம் என்றால் சூடோமோனாஸ். அதற்கும் முதல் வழி மாத்திரை அல்ல. 0.5% அசெட்டிக் அமிலம் நனைத்த காஸ் பதினைந்து நிமிடம், தினமும், நான்கைந்து நாள். கட்டும் தினமும் மாற வேண்டும். 5% வெள்ளை வினிகர் ஒரு பங்கு, கொதித்து ஆறிய நீர் ஒன்பது பங்கு என்றால் அந்த அளவு வரும். எரியும், சொல்லிவிட்டு வையுங்கள். சுற்றிலும் சிவப்பு பரவுவது, தொட்டால் சூடு, குறைந்துகொண்டு வந்த வலி திடீரென ஏறுவது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல்: இவற்றில் எது வந்தாலும் சர்ஜனிடம் அனுப்புங்கள். வெறும் ஸ்வாப் அறிக்கையில் கிருமி பெயர் வந்ததற்காக ஆன்டிபயாட்டிக் வேண்டாம். திறந்த புண்ணில் கிருமி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கீழ் ஓரம் வெளுப்பது ஈர்ப்பு விசை. நிற்கும்போதும் உட்காரும்போதும் கசிவு அங்கே வந்து தேங்குகிறது. பேடை நடுவில் வைக்காமல் மூன்றில் இரண்டு பங்கு புண்ணுக்குக் கீழே தொங்குமாறு வையுங்கள். ஓரத் தோலுக்கு ஜிங்க் ஆக்சைடு மெல்லிசாக, புண்ணில் படாமல். இரண்டு தடவையில் தோல் திரும்பாவிட்டால் மறுபடி தினமும் மாற்றுங்கள். செந்தசை தோல் மட்டத்துக்கு மேலே பொங்கி, தொட்டால் ரத்தம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். அதன்மேல் மேல்தோல் ஏற முடியாது. ஃபோம் வைத்துச் சற்று அழுத்திக் கட்டினாலே பல நேரம் அடங்கும், அடங்காவிட்டால் டாக்டர் சில்வர் நைட்ரேட் தொட்டுவிடுவார்.

தொடையிடுக்கு வேறு கதை. டீரூஃபிங்கில் குகையின் கூரையை மட்டும் எடுத்து, தரையை விட்டிருக்கிறார்கள். அந்தத் தரையிலிருந்தே தோல் வளரும், அதனால் மூன்று, நான்கு வாரத்தில் மூடிவிடும். திணிக்க ஒன்றுமில்லை, திணித்தால் கெடுக்கிறோம். பாரஃபின் காஸ், மேலே மெல்லிய பேட், இறுக்கமான பருத்தி ஷார்ட்ஸ். கழிப்பறை போய்வந்து ஈரமானால் மாற்ற வேண்டும், ஆகவே விலை உயர்ந்த தாள் இங்கே வீண். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எதிரெதிர் ஓரங்கள் தொடை மடிப்பில் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே பாலம் போட்டு, அடியில் பை உண்டாவது. தினமும் மடிப்பை விரித்துப் பார்த்து, இடையில் ஒரு மெல்லிய பாரஃபின் பட்டை.

---

தோல்துறை:

இரண்டு விஷயம் விடுபட்டிருக்கிறது.

அடாலிமுமாப் (ஹெச்எஸ்ஸுக்குப் போடும் ஊசி மருந்து) போட்டுக்கொண்டிருப்பவர் அறுவைக்காக அதைத் தானாக நிறுத்திவிட்டு வருவார். 2021இல் வெளியான ஷார்ப்ஸ் ஆய்வு இதைத்தான் பார்த்தது. 206 பேர், வைடு எக்சிஷன், புண் திறந்துவிட்டு ஆறும் முறை; ஊசியை நிறுத்தாமல் தொடர்ந்தவர்களுக்கு, வெற்று ஊசி போட்டவர்களைவிடப் புண் தொற்று கூடவில்லை. நிறுத்துவதா வேண்டாமா என்பதை எழுதிக்கொடுத்த டாக்டர் முடிவு செய்யட்டும். நிறுத்தினால் மற்ற அக்குளிலும் இடுக்கிலும் நோய் கிளம்பும் வாய்ப்பு உண்டு, அறுவை ஓர் இடத்தைத்தான் சுத்தம் செய்கிறது.

அடுத்தது அளவு. வாரம் ஒருமுறை, ஒரே கை நிலையில், ஸ்கேல் வைத்துப் போட்டோ. உங்கள் நோயாளி பத்து நாளில் ஆழம் பாதியாகக் குறைந்து நன்றாகப் போகிறார். நான்கு வாரமாக அளவே மாறவில்லை என்றால் டிரஸ்ஸிங்கை மாற்றிக்கொண்டே இருக்காமல் காரணம் தேடுங்கள்: ஹீமோகுளோபின், சர்க்கரை, புரதம், புகை, மிச்சமிருக்கும் குகை. ஓரத்தில் ஊசி நுழையும் அளவு துளை இருந்து, அழுத்தினால் வடிந்தால், அது விடுபட்ட குகை. எந்தத் தாளும் அதை மூடாது. அக்குளில் பல துளையோடு வடிவதெல்லாம் ஹெச்எஸ் அல்ல, நிணநீர்க் கட்டியிலிருந்து தோலுக்கு வந்த காசநோயும் அதே வேடம் போடும். பிட்டம், ஆசனவாய்ப் பக்கம் பல வருட ஹெச்எஸ் இருந்த ஆண்களுக்கு, மூன்று மாதமாகியும் மூடாத, ஓரம் தடித்த புண்ணில் ஸ்குவாமஸ் செல் புற்று (ஒரு வகைத் தோல் புற்று) வரலாம். இரண்டையும் பயாப்சிதான் சொல்லும். வெட்டிய சதையை அறுவையன்றே அனுப்பியிருப்பார்கள்; அறிக்கை பல நேரம் டிஸ்சார்ஜுக்குப் பிறகு வந்து, வாங்க ஆளில்லாமல் கிடக்கும். அடுத்த முறை வரும்போது அந்தத் தாளை வாங்கி வரச் சொல்லுங்கள்.